கையில்லாத விருந்தாளிகள்

கவலைப்படுவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அதிலும் அடுத்தவர் சாப்பிட்டாரா என்ற கவலை எங்கள் ரத்தத்திலேயே ஊறியது. அம்மா வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். தட்டு காலியானால் பசி என்பதுதான் அவருடைய மருத்துவம்.

அதே மருத்துவத்தோடு நான் தலவாக்கலையில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஆற்றிலிருந்து கொண்டுவந்த நன்னீர்ச் சிப்பிகளை உயிரோடு வைத்திருப்பது என் வேலை. அவை மண்ணில் பாதி புதைந்து, ஓடுகளை லேசாகத் திறந்து, தண்ணீரிலுள்ள பாசியை வடிகட்டிச் சாப்பிடும். பொறுப்பாளர் மேடம் கண்டிக்குப் போகும்போது, காலையில் ஒரு கோப்பை பாசித் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொன்னார். ஒன்று செத்தாலும் ஆய்வு கெட்டுவிடும் என்றும் சொன்னார். (அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.) எனக்கு வேலை கிடைத்ததை அம்மா எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். வேலை போனால் எந்த முகத்தோடு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குவது?

சனிக்கிழமை காலை ஊற்றினேன். தொட்டி பச்சையானது. மதியம் பார்த்தால் தண்ணீர் தெளிந்து, அடி மண் தெரிந்தது. தட்டு காலி. அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்புட்டையும் தின்னுட்டு பாவம் காத்துக்கிட்டு இருக்குதுங்க. ஊத்து புள்ள," என்றார். "ஓட்டுக்குள்ள கெடக்குற ஜீவன், வாய் விட்டு கேக்குமா?"

ஊற்றினேன். தெளிந்தது. மறுபடி ஊற்றினேன். ஞாயிறு மாலை தண்ணீர் தெளியவே இல்லை. ஒருவழியாக எல்லாருக்கும் வயிறு நிறைந்துவிட்டது என்று நிம்மதியாகப் போய் வடை சாப்பிட்டேன். (அந்த வடையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.)

திங்கள் காலை கதவைத் திறந்தபோது மேடமும் கூடவே இருந்தார். முதலில் நாற்றம் வந்தது. தொட்டியின் அடியில் சளி சளியாக, சிப்பிகள் விழுங்க மாட்டாமல் துப்பிய பாசி. பல இறுக மூடிக்கிடந்தன. ஒன்று மட்டும் செத்தது போல ஆவென்று திறந்திருந்தது. மேடம் அதைக் குச்சியால் தொட்டார். அசையவில்லை. மறுபடி தொட்டார். மெதுவாக, மிக மெதுவாக, அது மூடிக்கொண்டது. நான் அழுதேவிட்டேன்.

"உங்க வீட்டுல சாப்பாடு எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டார் மேடம்.

"சாப்பிடுறவங்க கையால தட்ட மறைக்கிற வரைக்கும் போடுவோம் மேடம்."

அவர் தொட்டியைப் பார்த்தார். "இதுக்கு கை இல்லை தானே," என்றார்.

அன்று முழுக்கத் தண்ணீர் மாற்றினேன். எதுவும் சாகவில்லை, வேலையும் போகவில்லை. ஆனால் பாசிப் போத்தல் அலமாரிக்குப் பூட்டு வந்தது, சாவி மேடத்திடம் போனது. வீட்டில் இன்றும் அம்மா சோற்றுக் கரண்டியோடு நெருங்கினால், தம்பி தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொல்வான்:

"எனக்கு கை இருக்கும்மா."