பதினேழு தங்கப்பற்கள்

"பதினொரு பேர் படிச்சிருக்காங்க," என்றாள் விபெகே. "அதுல நாலு தடவை நான் பார்த்தது. மிச்சம் ஏழும் நீயா?"

"ஆறு," என்றான் ஆஸ்கெர். "ஒன்னு யாருன்னு தெரியல."

விபெகே பல் மருத்துவர். கிளினிக் அவளுடையது, அவளுக்கு முன் அவள் அப்பா தோர்கிலுடையது. ஆஸ்கெர் அங்கே தொலைபேசி எடுப்பவன். செப்டம்பரிலிருந்து கிளினிக்கின் வலைப்பதிவையும் எழுதுகிறான். நவம்பர் முடிவதற்குள் ஐந்நூறு பேர் படிக்காவிட்டால், எழுத்து, தொலைபேசி இரண்டையும் கோபன்ஹேகனில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதாக விபெகே சொல்லியிருந்தாள். வேலை போனால் கிளினிக்கின் மாடியறையும் போகும். அதைத் தவிர அவனுக்கு வேறு இடம் இல்லை.

அவள் திரையைப் பார்த்து உரக்கப் படித்தாள். "'ஒவ்வொரு பல்லும் நம்மோடு சில காலமே இருக்கிறது. இருக்கும்போது அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.' இது ஈறு வீக்கம் பத்தின பதிவா?"

"ஆமா."

"யாரோ செத்துட்ட மாதிரி இருக்கு."

இங்கே வருவதற்கு முன் ஆஸ்கெர் எட்டு ஆண்டுகள் ஓர் இறுதிச்சடங்கு நிறுவனத்தில் இரங்கல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். முதலாளி கடையை மூடிவிட்டார். எழுதும் கை மட்டும் மாறவில்லை.

"உனக்குத் தெரிஞ்சதை எழுதேன்டா," என்றாள் உதவியாளர் யுட்டே, கருவிகளைக் கழுவிக்கொண்டே.

"எனக்குத் தெரிஞ்சது சாவுதான்."

"அப்ப அதையே எழுது. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அடுத்த வேலை அதுதானே."

எழுதினான். 'உங்கள் தங்கப்பல் உங்களுக்குப் பிறகு எங்கே போகிறது?' என்று தலைப்பு. உடல் எரிந்த பிறகு தகனக்கூடத்தில் சாம்பலிலிருந்து உலோகத்தைப் பிரிக்கிறார்கள். இடுப்பு மூட்டு, முழங்கால் திருகாணி, தங்கப்பல் எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்து உருக்காலைக்குப் போகின்றன. கிடைப்பது தர்மத்துக்கு. இதில் ரகசியம் எதுவும் இல்லை. கேட்டால் சொல்வார்கள். டென்மார்க்கின் இந்த மேற்குக் கரையில் யாரும் எதையும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இரண்டே நாளில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் படித்திருந்தார்கள். ஊரின் மக்கள்தொகையே ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

புதன்கிழமை காலை கியர்ஸ்தினே வந்தாள், கணவர் ஹோல்கரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அவருக்கு எண்பத்திரண்டு வயது. நாற்பது ஆண்டுகள் கடலில் மீன் பிடித்தவர். நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயைத் திறக்கவில்லை.

"அந்தத் தங்கப்பல்லைப் பிடுங்கிடும்மா," என்றாள் கியர்ஸ்தினே.

"ஆரோக்கியமான பல்லு. அதை நான் பிடுங்க முடியாது," என்றாள் விபெகே.

"பல்லு ஆரோக்கியமாத்தான் இருக்கு. ஆளு இல்லையே."

"நான் இன்னும் சாகல," என்றார் ஹோல்கர், உதடு பிரியாமல்.

"அதனாலதான் இப்பவே கூட்டிட்டு வந்தேன். அப்புறம் வந்தா நடக்கவா போறீங்க?"

"என்னோடயே எரியட்டுமே."

"எரியுமா? ரெண்டு குளிர்காலம் பூரா மீன் தொழிற்சாலையில நின்னு ஹெர்ரிங் மீனுக்குக் குடல் எடுத்தேன், அந்தப் பல்லுக்காக. இந்த விரல் இன்னும் நிமிரல, பாருங்க."

விரலைக் காட்டினாள். ஹோல்கர் சுவரைப் பார்த்தார்.

மதியத்துக்குள் காத்திருப்பு அறையில் ஒன்பது மனைவிகளும் ஒன்பது கணவர்களும் இருந்தார்கள். ஒன்பது வாய்கள் மூடியிருந்தன. மற்ற ஒன்பதும் பேசிக்கொண்டிருந்தன.

விபெகே ஆஸ்கெரைத் தனியே கூப்பிட்டாள். "இது பல் கிளினிக்கா, அடகுக் கடையா?"

"ரெண்டாயிரத்து முந்நூறு பேர் படிச்சிருக்காங்க."

"எனக்குத் தெரியும். ஒழுங்கா சரி பண்ணு. இல்லேன்னா ஐந்நூறும் வேணாம், நீயும் வேணாம்."

அன்றே இரண்டாவது பதிவு போட்டான். உயிரோடு இருக்கும்போது பிடுங்க வேண்டியதில்லை, குடும்பத்தார் விரும்பினால் தகனத்துக்கு முன் எடுத்துத் தரும்படி எழுத்தில் கேட்கலாம் என்று விளக்கினான். பக்கத்து ஊர் இறுதிச்சடங்குக்காரர் மறுநாள் காலை தொலைபேசியில் வந்தார்.

"ஆஸ்கெர், என்ன எழுதித் தொலைச்ச? நேத்து ஒரு வீட்டுக்குப் போறேன், உடம்பு இன்னும் ஆறக்கூட இல்ல. அந்தம்மா காபி குடுத்துட்டுக் குறடு கொண்டாந்தீங்களான்னு கேக்குது."

"குடுத்தீங்களா?"

"என்கிட்ட ஏது குறடு? அவங்களே சமையலறையிலிருந்து ஒன்னு எடுத்துட்டு வந்தாங்க."

பாதிரியாரும் அழைத்தார். தகனத்துக்குப் பதிவு செய்திருந்த மூன்று குடும்பங்கள் அடக்கத்துக்கு மாறிவிட்டனவாம். கல்லறைத் தோட்டத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது. நவம்பரில் தோண்டினால் குழி கிணறாகிவிடும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் யாரையும் கோபித்ததில்லை. "கொஞ்சம் யோசிச்சு எழுதலாம்" என்று மட்டும் சொன்னார். இந்த ஊரில் அதற்கு மேல் கடுமையான சொல் கிடையாது.

மூன்றாவது பதிவு விபெகேயின் யோசனை. கிளினிக்கே இலவசமாக ஒரு சான்றிதழ் தரும். எந்தப் பல், என்ன உலோகம், எப்போது வைத்தது என்று அதில் இருக்கும். அதை வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொண்டால் பின்னால் குறடும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

அன்று மாலைக்குள் பதினேழு பேருக்கு நேரம் கொடுத்தாயிற்று. நேரம் கேட்டு அழைத்ததெல்லாம் மனைவிகள். ரத்து செய்யச் சொல்லி அழைத்ததெல்லாம் கணவர்கள்.

முதல் ஆள் ஹோல்கர். யுட்டே கியர்ஸ்தினேயை வெளியே உட்கார வைத்தாள். விபெகே பல்லை மூடியிருந்த தங்க உறையின் ஓரத்தை லேசாகச் சுரண்டி, தூளைக் கண்ணாடிச் சில்லில் வைத்து ஒரு துளி அமிலம் விட்டாள். தங்கம் அசையாமல் கிடக்க வேண்டும். இது பச்சையாகப் பொங்கியது.

அவள் அப்பா எழுதிவைத்த ஹோல்கரின் பழைய சிகிச்சை அட்டையை எடுத்தாள். தோர்கிலின் கையெழுத்து. கீழ்க் கடைவாய், தங்கம், 1969.

அடுத்த ஆளுக்கும் பச்சை. அதற்கடுத்தவருக்கும். வெள்ளிக்கிழமை மாலை பதினேழு சில்லுகளும் பச்சையாக இருந்தன. பதினேழு அட்டைகளிலும் தங்கம் என்று இருந்தது.

விபெகே காத்திருப்பு அறைக்குப் போய் அப்பாவின் புகைப்படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி தரையில் சாய்த்து வைத்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் இந்த ஊரையே ஏமாத்தியிருக்கார்."

"எதுக்கும் ஒரு தடவை விசாரிக்கலாமே," என்றாள் யுட்டே.

"யார்கிட்ட? அவரையும்தான் எரிச்சாச்சு."

ஆஸ்கெரிடம் திரும்பினாள். "எழுது. ஒன்னு விடாம எழுது. மன்னிப்பு கேட்டு எழுது. சான்றிதழோட அதோட நகலும் பதினேழு வீட்டுக்கும் போகட்டும். ஊரார் வாயால கேக்கிறதுக்கு முன்னாடி நம்ம வாயால சொல்லிடணும்."

"போட்டா கிளினிக் நிக்குமா?"

"தெரியல. போடலன்னா நீ நிக்க மாட்ட."

பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரிடமாவது நேரில் சொல்லிவிட வேண்டும் என்று ஆஸ்கெருக்குத் தோன்றியது. சாவு வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். சனிக்கிழமை துறைமுகத்தில் ஹோல்கரைப் பார்த்தான். அவர் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து படகில்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்கெர் எல்லாவற்றையும் சொன்னான். தங்கமில்லை, செம்பு கலந்த ஏதோ ஒன்று. தோர்கில் ஏமாற்றிவிட்டார். திங்கட்கிழமை ஊருக்கே தெரியும்.

"எழுதாத தம்பி," என்றார் ஹோல்கர். "அவ்வளவு மோசமில்ல."

இந்தக் கரையில் கால் போனவனும் அதைத்தான் சொல்வான். ஏமாற்றிய மனிதரை இவ்வளவு எளிதாக மன்னிக்கிறாரே என்று ஆஸ்கெர் நினைத்தான்.

"இல்ல ஹோல்கர். உண்மை வெளிய வரணும்."

"உண்மைக்கு வெளிய என்ன வேலை?"

"உங்க பெருந்தன்மையையும் சேர்த்து எழுதறேன்."

ஹோல்கர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "படகு மூழ்கும்போதுகூட எனக்கு இப்படி இருந்ததில்ல," என்றார்.

அதையும் ஆஸ்கெர் குறித்துக்கொண்டான்.

ஞாயிறு முழுக்க எழுதினான். எட்டு ஆண்டுகள் பழகிய கைக்கு முதல்முறையாகப் பொருத்தமான வேலை கிடைத்திருந்தது. 'மறைந்தவர் பதினேழு வாய்களில் பொய்யை வைத்துவிட்டுப் போனார். அந்த வாய்கள் இன்றுவரை ஒரு சொல் புகார் சொல்லவில்லை' என்று முடித்தான். படித்துவிட்டு யுட்டே மூக்கைச் சிந்தினாள். விபெகே கையெழுத்திட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை கணக்கு ஆறாயிரத்தைத் தாண்டியது. அன்றுதான் கடிதங்களும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

"உன் வேலை பத்திரம்," என்றாள் விபெகே. "கிளினிக் இருந்தா."

புதன் காலை எட்டு மணிக்கு மழை. யுட்டே ஜன்னல் திரையை விலக்கிவிட்டு உடனே மூடினாள்.

"எல்லாரும் வந்திருக்காங்க."

வாசலில் கிழவர்கள் நின்றிருந்தார்கள். ஆஸ்கெர் எண்ணினான். பதினேழு. யாரும் குடை பிடிக்கவில்லை. பல பேர் கையில் பெட்டி இருந்தது. ஒருவர் அக்குளில் தலையணையை இடுக்கியிருந்தார். ஹோல்கரின் பெட்டி சரியாக மூடவில்லை. உள்ளிருந்து கம்பளிக் காலுறை ஒன்று தொங்கியது.

"நஷ்ட ஈடு கேக்க வந்திருக்காங்க," என்றாள் விபெகே.

"தலையணை எதுக்கு?"

"குடுக்கிற வரைக்கும் போக மாட்டாங்க போல."

அவள் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஆஸ்கெரும் போனான். கிளினிக் போனால் மாடியறை போகும். இந்த மழையில் அவனும் ஒரு பெட்டியோடுதான் நிற்க வேண்டும். விபெகே முதல் படியில் நின்று சொன்னாள்.

"எங்கப்பா உங்களை ஏமாத்திட்டார். எதைச் சொன்னாலும் அது சரியாகாது. உங்களுக்கு என்ன வேணுமோ கேளுங்க."

பதினேழு பேரும் ஈரத் தரையைப் பார்த்தார்கள். ஹோல்கர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"படுக்க இடம் வேணும்மா. கடுதாசியைக் கையில வெச்சுக்கிட்டு வீட்டுக்காரிங்க கேட்ட கேள்வியில உண்மை வெளிய வந்திடுச்சு, துரத்திட்டாங்க. உங்கப்பா யாரையும் ஏமாத்தல. தங்கத்துக்குன்னு எங்க பொண்டாட்டிங்க குடுத்த காசைத் துறைமுக விடுதியில குடிச்சிட்டு வந்து, பித்தளையைப் போட்டு அட்டையில மட்டும் தங்கம்னு எழுதுங்கன்னு அவர்கிட்ட கெஞ்சினதே நாங்கதான்."