ஏழு தோட்டத்துக்கும் ஒரே நெற்றி

ஏப்ரல் மாதம் பூ பார்க்க நுவரெலியாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் பாதி அளவு கூட்டம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவுக்கு வந்தது. பூ பார்க்க இல்லை. நெற்றியைக் காட்ட.

மைண்டு சாமி வந்திருந்தார்.

அவருடைய பேனரில் 'மனோதத்துவ நெற்றிச் சோதிடர்' என்று பெரிதாகவும், 'தலைமை யோகம் கண்டறியப்படும்' என்று அதைவிடப் பெரிதாகவும் போட்டிருந்தது. கைரேகை பார்க்கிறவர்களைச் சாமி மதிக்கவே மாட்டார். கொழுந்து பறிக்கிற கையில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். சாமியிடமிருந்து நான் கேட்ட ஒரே நியாயமான பேச்சும் அதுதான்.

நான் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆகவே அந்த நாட்களில் சாமியைப் பற்றி நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஏழு தோட்டத்து ஆட்களும் என் ஆட்டோவில்தான் ஏறினார்கள். சாமிக்குக் காணிக்கையாக மடியில் பால்மா பக்கெட், கையில் லீக்ஸ் கட்டு, சில பேரிடம் காலைக் கட்டிய கோழி. கோழிக்கு மட்டும் தன் எதிர்காலம் என்ன என்று சரியாகத் தெரிந்திருந்தது.

இவ்வளவு கூட்டத்துக்கும் காரணம் ஓர் அறிவிப்பு.

ஹட்டனில் ஒரு கல்வி நிலையத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் உளவியல் டிப்ளோமா படிக்கிறார்கள். கொழும்பில் இருக்கிற உளவியலாளர் சங்கம் ஒன்று மலையகத்தில் மாணவர் கிளை தொடங்கப் போவதாகச் சொன்னது. அதன் குழுவில் தொண்டாக வேலை செய்ய விருப்பமுள்ள மாணவர்கள் பேர் கொடுக்கலாம், தலைவரும் அவர்களுக்குள் இருந்தே வருவார். ஆறு பேராவது முன்வர வேண்டும். வராவிட்டால் கிளை கிடையாது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற பேச்சியம்மாவின் மகள் லோஜினிக்கு அந்தக் கிளை எப்படியாவது வந்தாக வேண்டும். அவளோடு உயர்தரம் படித்த ஒரு பிள்ளை, பரீட்சை முடிவு வந்த பிறகு யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. லோஜினி தனக்குத் தெரிந்த இடத்துக்கெல்லாம் உதவி கேட்டுப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் பேசியவர்கள் எல்லாரும் சிங்களத்தில் கேட்டார்கள், இல்லையென்றால் ஆங்கிலத்தில் கேட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அழுகை தமிழில்தான் வந்தது. கிளை வந்தால் மாணவர்களே பயிற்சி எடுத்து, தமிழில் காது கொடுத்துக் கேட்கிற ஒரு தொலைபேசி வைக்கலாம். லோஜினி கேட்டது அது ஒன்றைத்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்ன அன்றே குழப்பம் தொடங்கியது. எங்கள் பக்கம் சங்கம் என்றால் தொழிற்சங்கம் மட்டும்தான். வேறு சங்கம் உலகத்தில் கிடையாது.

"எந்த சங்கத்துக்குடி பேர் குடுக்கப் போற?" என்றாள் பேச்சியம்மா.

"உளவியல் சங்கம்மா."

"உளவு பாக்குற சங்கமா? யார உளவு பாக்கப் போற, தொரையவா?"

லயம் முழுக்க இது பரவியது. தோட்டத்துச் சங்கத் தலைவர் செல்லசாமி நேரில் வந்து விசாரித்தார். இத்தனைக்கும் அவருடைய மகள் கௌசியும் லோஜினியோடு அதே வகுப்பில் படிக்கிறவள்தான். நம்ம சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டு பிள்ளையை வேறு சங்கத்துக்கு அனுப்புவது சரியில்லை என்றார். இது மனசைப் பற்றிய படிப்பு, சந்தா இல்லை, சம்பளமும் இல்லை என்று பிள்ளைகள் விளக்கினார்கள். அவருக்கு இன்னும் சந்தேகம் கூடிப்போனது.

"சந்தாவும் இல்ல, சம்பளமும் இல்ல. அப்பறம் அதுக்கு எதுக்கு ஒரு தலைவரு?"

பிறகு ஒரு செய்தி கிளம்பியது. குழுவில் இருக்கிறவர்களை வெளிநாட்டுக் கூட்டங்களுக்குக் கூட்டிப்போவார்களாம். யார் கிளப்பியது என்று தெரியாது. அதன் பின்னாலேயே மைண்டு சாமியின் பேனர் ஏறியது என்பது மட்டும் தெரியும். சும்மா வேலை செய்ய ஆளில்லாத பதவிக்கு இப்போது ஏழு தோட்டத்தில் போட்டி. பிள்ளைகள், பெற்றோர், படிப்பை எட்டாம் வகுப்போடு விட்ட சித்தப்பாமார், எல்லாரும் நெற்றியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

சாமியின் முறை எளிமையானது. ஒவ்வொருவராகத் திரைக்கு உள்ளே கூப்பிடுவார். விபூதியைப் பெருவிரலில் தொட்டு நெற்றியில் அழுத்துவார். கண்ணை மூடுவார். பிறகு காதுக்குள் ஏதோ சொல்வார். கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். இதை வாயைத் திறந்து வெளியே சொன்னால் யோகம் பறந்துவிடும்.

அதனால் ஒருத்தரும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் ஒரு ரகசியம் தங்கியது அதுவே முதல் தடவை. அடுப்பில் என்ன கறி கொதிக்கிறது என்பதுகூட எட்டு வீட்டுக்குத் தெரிகிற இடம் அது.

ஆனால் திரையை விட்டு வெளியே வந்தவர்களின் பார்வை மாறிப்போனது. கூட வந்தவரையே ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கௌசியும் லோஜினியும் ஹட்டன் பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள். சாமியைப் பார்த்த பிறகு கௌசி முன் சீட்டுக்குப் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள். பேர் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

பேச்சியம்மா விடுவாளா? லோஜினியையும் இழுத்துக்கொண்டு போனாள். லோஜினி திரைக்குள் போய் நெற்றியைக் காட்டினாள், காதைக் கொடுத்தாள், வெளியே வந்து சிரித்தாள். எல்லாருக்கும் பொருந்துகிற நாலு வார்த்தையைத் தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொருத்தரும் அது தன்னைப் பற்றித்தான் என்று நம்புவார்கள் என்று முந்தின மாதம்தான் வகுப்பில் படித்திருந்தாள். கௌசியும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே படித்தவள்தான். ஆனால் பாடத்தில் இருப்பது பரீட்சைக்கு, சாமி சொல்வது வாழ்க்கைக்கு என்று நம்மவர்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது லோஜினி நேராகவே கேட்டாள்.

"சாமி ஒன்கிட்ட என்னடி சொன்னாரு?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான நீ கேக்குற," என்று கௌசி நடையைக் கட்டினாள்.

சனிக்கிழமை குணபூசணி மிஸ் லோஜினிக்குப் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சங்கத்துக்காகப் பேர்களைச் சேர்க்கிறவர் அவர்தான். லோஜினி போனை எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"பிள்ளை, ஒருத்தற்ற பேரும் இன்னும் வரேல்லை. நாளைக்குப் பின்னேரம் மட்டும் ஹட்டனில இருப்பன். பிறகு கொழும்புக்கு வெளிக்கிட்டிடுவன். இந்த முறை விட்டால் கிளை வாறது கஷ்டம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சாமி 'தடை நீக்கும் மகா பூஜை' வைத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தது இதற்குத்தான். அவ்வளவு கூட்டத்துக்கும் இடம் வேண்டும் என்று பெரட்டுக் களத்தில் வைத்தார். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், விடியக்காலையில் பேர் கூப்பிட்டு யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து விடுகிற இடம்தான் பெரட்டுக் களம். அங்கே ஒரு கல்படி இருக்கும். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அதில் ஏறி நின்று சத்தம் போட்டால், எங்கள் ஆட்களுக்கு மூளை யோசிக்கும் முன்னால் கால் நகரும். பல தலைமுறைப் பழக்கம் அது.

சனம் தானாகவே பெரட்டு வரிசையில் நின்றது. சாமி மேசைக்குப் பின்னால் மைக்கோடு நின்றார். லோஜினி முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். சந்தேகம் ஒன்று இருப்பதாகச் சொன்னாள்.

"கேளு தாயி."

"நீங்க சொன்னத வாயத் தொறந்து வெளிய சொல்லக்கூடாது. அப்படித்தானேங்க சாமி?"

"வாயத் தொறந்தா யோகம் பறந்துரும்."

"கால எடுத்து வைக்கலாமுங்களா?"

மைக்கைப் பிடித்தால் சாமிக்கு ஒரு வேகம் வந்துவிடும். காலை எடுத்து வைக்கிறவனுக்குத்தான் தலைமை, முன்னால் வைக்கிற காலை எந்தக் கிரகமும் தடுக்க முடியாது என்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது. லோஜினியும் தட்டினாள். தட்டிவிட்டுக் கல்படியில் ஏறினாள்.

"சாமியே உத்தரவு குடுத்துட்டாரு. யாரும் வாயத் தொறக்க வேணாம். ஒங்களுக்குச் சாமி என்ன சொன்னாருன்னு நான் சொல்றேன். ஒங்களுக்குச் சொன்னதுதான்னா ஓரடி முன்னுக்கு வாங்க. இல்லாட்டி நின்ன எடத்துலயே நில்லுங்க."

சாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார். அதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"நீ வெளிய சிரிக்கிற, உள்ளுக்குள்ள அழுவுற."

களம் முழுக்க ஓரடி முன்னால் வந்தது. பெரட்டில் நிற்கிறவர்கள் பக்கத்தில் பார்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் நகர்ந்ததாக நினைத்துக்கொண்டார்கள். மனுசப் பிறவி என்றால் அப்படித்தானே என்று சாமி அவசரமாகச் சிரித்தார்.

"ஒன் கூடவே திரியிற ஒருத்தர் ஒன் யோகத்த மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

இன்னும் ஓரடி. லோஜினியும் கல்படியிலிருந்து ஓரடி முன்னுக்கு இறங்கினாள், அவளுக்கும் சாமி சொன்னது அதுதான். முன் வரிசையில் ஓரடி வந்திருந்த கௌசி அதைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இந்த ஏழு தோட்டத்துலயும் தலைமை யோகம் ஒனக்கு மட்டுந்தான்."

ஏழு தோட்டமும் மூன்றாவது அடியை எடுத்து வைத்தது. முன் வரிசை சாமியின் மேசையில் முட்டியது. அப்போதுதான் நம்ம சனம் முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பக்கத்தில் பார்த்தது. அம்மாவும் மகனும் பார்த்துக்கொண்டார்கள். மாமியாரும் மருமகளும் பார்த்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர் செல்லசாமி மேசையில் கை ஊன்றி நின்றார். அவரும் மூன்று அடி வந்திருந்தார்.

பேச்சியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏழு தோட்டத்துக்கும் நாந்தான் தலைவின்னு நெனச்சு, ஒரு கெழமையா மெதப்புல கறிக்கு உப்பே போடல. ஒரே நெத்தியத்தான் எல்லாருக்கும் ஒட்டி விட்டீங்களா சாமி?"

சிரிப்பு கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சாமி கையைத் தூக்கி அமைதிப்படுத்தினார். சொன்னது எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் யோகம் உண்மையில் ஒருத்தருக்குத்தான், மற்றவர்கள் மனம் நோகக் கூடாதே என்று அப்படிச் சொன்னதாக விளக்கினார். பாவம், எவ்வளவு இரக்கம்.

செல்லசாமி பேச்சுவார்த்தையில் பழகிய ஆள். சத்தம் போடவில்லை.

"சரிங்க சாமி. அந்த ஒருத்தர் யாருன்னு இப்ப கைய நீட்டிக் காட்டுங்க. நாங்க ஒண்ணும் நோக மாட்டோம்."

சாமியின் விரல் எழும்பியது. முதல் வரிசையைச் சுற்றியது, இரண்டாவது வரிசைக்குப் போனது, யார் மீது நின்றாலும் மற்றத் தோட்டத்துக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள் என்று அந்த விரலுக்கே தெரிந்துபோனது. கடைசியில் அது திரும்பி வந்து சாமியின் சொந்த நெற்றியைச் சொறிந்தது.

பிறகு அவரவர் தங்கள் பால்மாவைத் தேடி எடுத்தார்கள். கோழிகள் எது யாருடையது என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு.

சாமி என்னிடம் வந்து ஆட்டோவை எடுக்கச் சொன்னார். லோஜினியும் அதே நேரம் ஓடி வந்தாள். மிஸ் போவதற்குள் ஹட்டனுக்குப் போக வேண்டும். நான் பிள்ளைகளை ஏற்றினேன். மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது எனக்கும் தெரியும். பொலிஸார் இதை வாசித்தால் மன்னிக்கவும். மிச்சப் பேர் செல்லசாமி பிடித்த வேனில் பின்னால் வந்தார்கள். சாமி பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மலையிறங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நாங்கள் போகும்போது குணபூசணி மிஸ் பையைத் தோளில் மாட்டிவிட்டார். பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே நுழைந்ததும் திரும்ப உட்கார்ந்தார். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"ஒரு தடை இருந்துச்சு மிஸ்," என்றாள் கௌசி.

"என்ன தடை?"

கௌசி லோஜினியைக் காட்டினாள். "இவதான். கூடவே திரிஞ்சா." சொல்லிவிட்டு அழுதாள். லோஜினி அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் பேர் கொடுத்தார்கள். தேவைப்பட்டது ஆறு பேர், கொடுத்தவர்கள் அதைவிடக் கூட. யார் தலைவர் என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, முதலில் எல்லாரும் வேலை செய்யுங்கோ, பிறகு ஆளைப் பார்த்து வாக்குப் போடுங்கோ என்றார் மிஸ். இதை ஒரு கோழியும் வாங்காமல் சொன்னார்.

கிளை வந்துவிட்டது. பயிற்சி நடக்கிறது.

மைண்டு சாமியும் சும்மா இல்லை. பட்டிப்பொல பக்கம் பேனர் ஏறியிருப்பதாகக் கேள்வி. இந்த முறை நெற்றி இல்லையாம், காது மடலாம். அந்தப் பக்கத்து சனத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். வெளியே சொல்லாதே என்று ஒருத்தர் உங்கள் காதில் சொன்னால், ஏன் சொல்லக் கூடாது என்று கொஞ்சம் யோசியுங்கள். யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லியும் பாருங்கள். ஏதோ ஒன்று பறக்கத்தான் செய்யும். அது உங்கள் யோகமா, அவருடைய பிழைப்பா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.