அந்தோனியாரின் காலைத் தொடாத சாட்சி

மூப்பரே, குருநகரில் பொய்யே சொல்லாத ஆள் ஒருவர்தான் இருக்கிறார். அவருடைய சொல்லைத்தான் நீர் செல்லாது என்று தள்ளினீர். கோயில் காரியங்களை நடத்துகிற மனிதரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். எழுதுகிறேன்.

அந்த ஆள் எங்கள் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எதைச் சொன்னாலும் "காரணம் என்ன?" என்று கேட்பதால் அவர் காரணத்தார். பெருநாளன்று கடலுக்குப் போகக்கூடாது என்றால் காரணம் கேட்பார். தபசு காலத்தில் கலியாணம் இல்லை என்றால் காரணம் கேட்பார். கடவுள் இருக்கிறார் என்று யாராவது சொல்லிவிட்டால், வந்தவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் கேட்பார்.

வேறு இடமென்றால் பரவாயில்லை. எங்கள் ஊரில் பிள்ளைக்கும் புனிதரின் பெயர், படகுக்கும் புனிதரின் பெயர். நாய்க்கு மட்டும்தான் வேறு பெயர் வைப்போம். அங்கே இருந்துகொண்டு இந்த மனிதர் நம்பாதவர்களுக்கு உரிமை கேட்டார்.

ஒருநாள் பங்குச் சுவாமியாரிடம் போனார். நானும் நீரும் பக்கத்தில் நின்றோம், மூப்பரே.

"சுவாமி, விடியப்புறத்திலை ஸ்பீக்கர் போட்டுச் செபமாலை சொல்லுறியள். நம்பாத ஆக்களுக்கும் கால் மணித்தியாலம் தாருங்கோ. அதுதான் நீதி."

"நம்பாத ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம்?"

"இப்போதைக்கு நான்தான்."

"ஸ்பீக்கரிலை என்ன கதைக்கப் போறீர்?"

"ஒண்டும் கதைக்கப் போறேல்லை. அந்தக் கால் மணித்தியாலம் அதை நிப்பாட்டி வையுங்கோ. நான் நித்திரை கொள்ளுறன்."

சுவாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். நீர் சிரிக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடுவது தன் உரிமை என்று ஒருமுறை கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவருடைய மனைவி திரேசம்மா பூசை தவறாதவர். "உங்களுக்கு உரிமை இருக்குது. சட்டியிலை கஞ்சிதான் இருக்குது," என்றார். காரணத்தார் உரிமையோடு கஞ்சி குடித்தார்.

ஸ்பானர் வழுக்கி விரலில் அடித்தால் "ஐயோ மாதாவே" என்பார். நாங்கள் சிரித்தால், "அது பழக்கம். விசுவாசமில்லை," என்று விரலைச் சூப்பிக்கொண்டே விளக்கம் தருவார்.

வேறு சபைக்காரர் சிலர் கரையில் நின்று பிரசங்கம் பண்ணினார்கள். எங்கள் பெடியள் கல்லெடுத்தார்கள். காரணத்தார் நடுவில் போய் நின்றார். "உவையின்ரை கதை முழுப்பிழை. ஆனால் பிழையாய்க் கதைக்க உவைக்கு உரிமை இருக்கு. கல்லைக் கீழை போடுங்கோ," என்றார். கல்லெறிக்குத் தப்பிய பிரசங்கிமார் அவரை ஆசீர்வதிக்க வந்தார்கள். ஆசீர்வாதத்துக்குக் காரணம் கேட்டு அவர்களைப் பொழுதுபடும்வரை மறித்துவைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் கரைப் பக்கம் வரவேயில்லை. கல்லெறி வாங்கியிருந்தால் வந்திருப்பார்கள்.

இனி வலைச் சங்கதி.

படகுகள் வைத்திருக்கிற சம்மாட்டியார் ஒருவருடைய புது நைலோன் வலை ஒரு சனிக்கிழமை பின்னேரம் கரையிலிருந்து காணாமல் போனது. களவென்றால் எங்கள் ஊரில் பொலிசுக்குப் போவதில்லை. கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் காலில் கைவைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். சத்தியத்துக்கு எதிர்ச் சத்தியம் வந்தால், சாட்சி உள்ளவன் வெல்வான். சாட்சியும் காலைத் தொட்டுத்தான் சொல்லவேண்டும்; தீர்ப்பு உம்முடையது.

சம்மாட்டியாரின் மருமகன் காலைத் தொட்டு, சூசை வலையைக் கொண்டுபோனதைக் கண்டேன் என்றான். சூசை சம்மாட்டியாரின் படகில் கூலிக்குப் போகிறவன். அவனும் காலைத் தொட்டு, நான் எடுக்கவில்லை என்றான். அந்தப் பின்னேரம் முழுக்கக் காரணத்தாரின் கொட்டிலில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றான். கள்ளன் என்று தீர்ப்பானால் அவனை இனி யாரும் படகில் ஏற்றமாட்டார்கள். ஆகவே எல்லாம் காரணத்தாரின் கையில் வந்து நின்றது.

ஞாயிறு பூசை முடிந்தது. நாங்கள் அறியக் காரணத்தார் முதன்முறையாகக் கோயிலுக்குள் வந்தார். பெண்கள் சிலர் அதையே அந்தோனியாரின் புதுமை என்று கும்பிட்டார்கள்.

"காலிலை கையை வைச்சுச் சொல்லும்," என்றீர் நீர்.

"கை வைக்கேலாது. சொல்லுறன். பெடியன் என்னோடைதான் நிண்டவன்."

"உமக்குத்தான் கடவுள் இல்லையே. சும்மா தொட என்ன பயம்?"

"பயமில்லை, மூப்பர். நம்பாத ஒண்டைத் தொட்டுச் சத்தியம் பண்ணினால் அது பொய். பொய்யிலை தொடங்கி நான் எப்பிடி உண்மை சொல்லுறது?"

சூசையின் தாய் அவருடைய கையைப் பிடித்துவிட்டாள். "அண்ணை, என்ரை பிள்ளைக்காண்டி ஒருக்கால் தொடுங்கோ. அந்தோனியார் கோவிக்கமாட்டார்."

"அவர் கோவிக்கமாட்டார், தங்கச்சி. நான் கோவிப்பன்." ஆனால் அவருடைய முகம் வேர்த்திருந்தது. அந்தக் கை சுரூபத்தின் பக்கம் கொஞ்சம் போய்த் திரும்பியதை நான் கண்டேன்.

அப்போதுதான் திரேசம்மா முன்னுக்கு வந்தார். யாரையும் கேட்காமல் சுரூபத்தின் காலை இறுக்கிப் பிடித்தார்.

"அந்தோனியாரே, உந்த மனுசன் உம்மை நம்பாது. சொல்லிச் சொல்லி என்ரை தொண்டைத்தண்ணி வத்திப் போச்சு. ஆனால் கறி எப்பிடி எண்டு கேட்டால்கூட உது ஒருநாளும் எனக்குப் பொய் சொன்னதில்லை. ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். உது சொல்லுறது உண்மை எண்டு நான் சத்தியம் பண்ணுறன்."

கோயில் முழுக்கச் சிரித்தது. சம்மாட்டியாரும் சிரித்தார். இதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"கண்டவர் தொடவேணும். தொட்டவர் காணேல்லை. செல்லாது," என்றீர்.

சூசையை யாரும் படகில் ஏற்றவில்லை. தாயையும் கூட்டிக்கொண்டு மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போனான். அடுத்த பெருநாளுக்கு முன்பே அந்த வலை சாவகச்சேரியில் ஒருவர் வீட்டில் அகப்பட்டது. விற்றது மருமகன். அந்தோனியாரின் காலைத் தொட்ட அதே கையால் விற்றிருந்தான். சம்மாட்டியார் வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. நீரும் திறக்கவில்லை. சூசையைத் திரும்பி வா என்று சொல்ல மன்னாருக்குப் பஸ் ஏறிய ஒரே ஆள் காரணத்தார். அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். திரும்பி வந்த காரணத்தார் அன்று யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

நான் கடவுளை நம்புகிறவன், மூப்பரே. ஞாயிறு தவறாமல் உமக்குப் பின்வரிசை வாங்கில்தான் முழந்தாளிடுகிறேன். ஆனாலும் நாளைக்கு என்மேல் ஒரு பழி வந்தால், சாட்சிக்கு நான் கூப்பிடப்போவது அந்த மனிதரைத்தான். அவர் எதையும் தொடமாட்டார். சும்மா நின்று சொல்லுவார். எனக்கு அது போதும்.

உமக்குப் போதுமா, போதாதா? ஊர் கேட்க, உம்முடைய வாயால் சொல்லும்.