ஊர் நகரவில்லை என்பதற்குச் சான்று

வெளிநாட்டுத் தபாலைக் கணக்குப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார் முதலாளி அப்துல் ஷுக்கூர் ராவுத்தர்.

"நமக்கு நாற்காலி அனுப்ப முடியாதாமுங்க."

"ஏன்?"

"நீங்க வேற ராஜ்யத்துக்குப் போயிட்டீங்களாமுங்க."

ராவுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். பாலக்காட்டுப் பெரிய கடைவீதியில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கும் அதே மரச்சாமான் கடைதான். அதே பெஞ்சு, அதே அலமாரி, வாசலில் அதே சாக்கடை.

"நான் எங்கேயும் போகலியே" என்றார்.

அவர் போகவில்லை, எல்லைக்கோடு போயிருந்தது. ஐம்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் அவர் ஆர்டர் எழுதியபோது பாலக்காடு மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி விடிந்தபோது கேரளத்தில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ராவுத்தர் 'கேரள ராஜ்யம்' என்று கொட்டை எழுத்தில் புதுக் கடிதத்தாள் அச்சடித்து, முதல் தாளிலேயே கம்பெனிக்கு ஆர்டரை நினைவூட்டி எழுதிவிட்டார். கம்பெனி இருப்பதோ ஐரோப்பாவின் நடுவில் ஏதோ ஒரு மலையடிவாரத்தில். பர்மிட்டில் எந்த ராஜ்யத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் சரக்கு போகலாம் என்பது அவர்கள் நாட்டு ஏற்றுமதிச் சட்டம்.

"பழைய தாளு ரெண்டு கட்டு மிச்சமிருக்குதுன்னு நான் அப்பவே சொன்னேனுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவர் ஊரான கொழிஞ்சாம்பாறை நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அதுவரை தினமும் ஒரு ராஜ்யத்தில் தூங்கி இன்னொரு ராஜ்யத்தில் கணக்கெழுதி வந்தவர். ஊர்கள் ஒன்றானதில் உண்மையான லாபம் அவருக்குத்தான்.

ராவுத்தருக்குக் கவலை வியாபாரத்தைப் பற்றி மட்டுமல்ல. அறுபது நாற்காலிகளும் உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளிகளுக்கு. தங்கள் சங்கத்துக்கு அவர்களே கல் சுமந்து ஒரு கட்டடம் எழுப்பியிருந்தார்கள். அதற்கு நாற்காலி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்த சூசையப்பன், கடையிலிருந்த தேக்கு நாற்காலிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்திருந்தார்.

"நீராவியில வளைச்ச மரத்துல, பிரம்பு பின்னி, சீமையிலருந்து வருமே மொதலாளி, அது வேணும்."

"இது அதைவிட நல்லா உழைக்குமே."

"உழைக்கும். ஆனா பங்களாவுல தொரை உக்கார்றது அந்த நாற்காலியிலதான். பேச்சுவார்த்தைக்குப் போனா அவர் உக்காந்திருப்பாரு, நாங்க நிப்போம். நாளைக்கு எங்க எடத்துக்கு அவர் வந்தா எல்லாரும் அதே நாற்காலியில உக்காந்து பேசணும்."

வரும் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கட்டடத் திறப்பு. துரையும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

அதனால் ராவுத்தர் உடனே பதில் எழுதச் சொன்னார். ஈஸ்வரமூர்த்தி தன் ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, குழப்பத்துக்கே இடமில்லாமல் எழுதினார்: "மெட்ராஸ் ராஜ்யத்து அப்துல் ஷுக்கூர் கம்பெனி இனி இல்லை. கேரள ராஜ்யத்து அப்துல் ஷுக்கூர் கம்பெனி மட்டுமே உண்டு."

ஜனவரியில் பதில் வந்தது. கறுப்புக் கோடு போட்ட தாளில் வந்தது.

"என்னவாம்?"

"திரு. அப்துல் ஷுக்கூர் இல்லாமல் போனதுக்கு ஆழ்ந்த அனுதாபமுங்க. வாரிசு யாருன்னு கேட்டிருக்காங்க."

ராவுத்தர் தாளை வாங்கி அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு, "நல்லவிதமா எழுதியிருக்கானா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லவிதமா எழுதியிருக்காங்க. உங்களப்போல நாணயஸ்தரைப் பாத்ததில்லையாமுங்க."

அன்று மத்தியானம் வீட்டில் அவர் இதைச் சொன்னபோது, மனைவி ருக்கியா மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, "இருக்கும்போது ஒருத்தரும் சொல்லலையே" என்றாள்.

உயிரோடிருக்கிறோம், ஊரும் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று அரசாங்கக் கையெழுத்தோடு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது ராவுத்தருக்கு. மனு எழுதிக்கொண்டு ஊர் அதிகாரியிடம் போனார்.

"ஜனனம், மரணம், வீடு, நிலம், இதுக்கெல்லாம் சர்டிபிகேட் உண்டு" என்றார் அதிகாரி. "ஸ்தலம் நகரலைன்னு தர்றதுக்கு ஃபாரமே இல்லியே ராவுத்தரே."

"நகரலைங்கிறது உங்களுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். ஆனா அளந்து பாக்காம நான் எப்படி எழுதறது?"

நாலு நாள் அலையவைத்தபின் அதிகாரி, 'மேற்படி நபர் மேற்படி ஸ்தலத்தில் மேற்படி நிலையிலேயே உள்ளார்' என்று மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். கேரளத்தின் முத்திரை இன்னும் வந்து சேராததால் மெட்ராஸ் முத்திரையையே குத்தினார்.

மார்ச்சில் பதில் வந்தது. இந்த முறை ஈஸ்வரமூர்த்தி படித்துவிட்டு முதலாளியை உட்காரச் சொன்னார்.

"நீங்க உயிரோட இருக்கறதுல அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமுங்க. ஆனா கேரளத்துச் சான்றுல மெட்ராஸ் முத்திரை இருக்குதே, அங்க யாரு ஆட்சின்னு கேக்கறாங்க. அப்புறம்..." என்று இழுத்தார்.

"அப்புறம்?"

"ஊர்ச்சனங்களுக்கு மூட்டை கட்ட நேரம் குடுத்தாங்களான்னு கேட்டிருக்காங்க. வயசானவங்க நடந்தே போனாங்களான்னு கேட்டிருக்காங்க. நெலமை சரியாகற வரைக்கும் நம்ம நாற்காலியைத் தங்களோட கிடங்குலயே பத்திரமா வெச்சிருக்காங்களாம். ஒண்ணும் பயப்பட வேண்டாமாம்."

"நாற்காலிய வெச்சிருக்கானாமா?"

"பத்திரமாங்க."

கடிதத்தின் கீழே 'எம். ஹோலுப்' என்று சின்னக் கையெழுத்து இருந்தது. அன்றிலிருந்து கடையில் அந்தப் பெயர் ஒரு வசவாகிவிட்டது. பூட்டு திறக்காவிட்டால் ஹோலுப். மேஜை சரியாக நிற்காவிட்டால் ஹோலுப்.

அந்த வாரம் சூசையப்பன் வந்தார். ராவுத்தர் தலைகுனிந்துகொண்டே நடந்ததைச் சொன்னார்.

"மொதலாளி, நாங்க நின்னே பழகுனவங்க" என்றார் சூசையப்பன் அமைதியாக. "இன்னும் கொஞ்ச நாள் நிக்கிறதுல ஒண்ணுமில்ல. ஆனா அந்தத் தேதிக்கு மட்டும் வந்துரணும். அன்னிக்கும் நின்னோம்னா, அப்புறம் எப்பவும் நிக்கணும்."

அந்தப் பேச்சு ராவுத்தரைத் தைத்தது. எழுத்தை நம்பாதவன் கண்ணால் பார்த்தாவது நம்பட்டும் என்று, போட்டோ பிடிக்க ஏற்பாடு செய்தார். கடை வாசலில் ராவுத்தரும், தம்பி சைனுதீனும், ஈஸ்வரமூர்த்தியும், பக்கத்துக் கடைக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்று காட்டுவதுதான் நோக்கம். ஆனால் போட்டோக்காரர், "யாரும் அசையக்கூடாது, மூச்சு விடக்கூடாது" என்று மூன்று முறை அதட்டிவிட்டார். சித்திரை வெயில் வேறு முகத்தில் அடித்தது. படத்தில் பதினோரு பேரும் தூக்குத்தண்டனைத் தீர்ப்பைக் கேட்டவர்கள்போல் நின்றார்கள்.

மே மாதம் பதில் வந்தது. ஒரே ஒரு பத்திதான்.

"படத்தைப் பார்த்தோம்" என்று ஈஸ்வரமூர்த்தி மெதுவாக மொழிபெயர்த்தார். "உங்கள் முகங்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. நீங்கள் சுதந்திரமாக எழுத முடியாத நிலையில் இருக்கிறீர்கள் என்பது புரிகிறது. தைரியமாக இருங்கள்."

ராவுத்தர் எழுந்து வீட்டுக்கு நடந்தார். இறக்குமதி லைசென்ஸ் ஜூன் முடிவோடு காலாவதி. அதற்குள் சரக்கு கப்பலேறாவிட்டால் இன்னொரு லைசென்ஸ் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. மலைமேல் அறுபது பேருக்குக் கொடுத்த வாக்கு காற்றோடு போகும்.

வீட்டில் ருக்கியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாக் கடிதங்களையும் வரிசையாகச் சொன்னார். அவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, அவங்க கேட்டதுக்கு நீங்க பதில் சொன்னீங்களா?"

"சான்று அனுப்புனேன். போட்டோ அனுப்புனேன். இன்னும் என்ன?"

"மூட்டை கட்ட நேரம் இருந்துச்சான்னு கேட்டிருக்காங்க. நீங்க முத்திரையை அனுப்பறீங்க."

"அது ஒரு கேள்வியா? பைத்தியக்காரக் கேள்வி."

"பைத்தியமோ என்னமோ. கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணுமில்லீங்க? இப்படி எழுதச் சொல்லுங்க. இங்க யாரும் யாரையும் போகச் சொல்லல. முந்தாநேத்து சோறாக்குன அடுப்புலதான் இன்னிக்கும் சோறாக்கறோம். எங்க ஊட்டு முருங்கை இந்த வருசமும் காய்ச்சிருக்குது. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"கடைசி வரி எதுக்கு?"

"நாம ஒரு தடவையாச்சும் அதைக் கேட்டமா?"

வியாபாரக் கடிதத்தில் முருங்கையை எப்படி எழுதுவது என்று ஈஸ்வரமூர்த்திக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதினார். ராவுத்தர் நம்பிக்கையில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் தந்தி வந்தது. பர்மிட் திருத்தப்பட்டுவிட்டது, நாற்காலிகள் கப்பலேறுகின்றன. தந்தியின் கடைசியில் இரண்டு வார்த்தை: "நலமே. நன்றி."

ஜூலைக் கடைசியில் கொச்சி துறைமுகத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராவுத்தரும் சூசையப்பனும் லாரியோடு வந்து காத்திருந்தார்கள். சரக்கு மீட்டுத்தரும் ஏஜென்சியில் வேலை பார்த்த மத்தியாஸ் அவர்களுக்காகக் காகிதங்களோடு ஓடிக்கொண்டிருந்தார். அவர் உடும்பஞ்சோலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர். அப்போதுதான் கப்பலுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்திருந்தார்.

பெட்டிக்குள் நாற்காலிகள் தனித்தனித் துண்டுகளாக இருந்தன. காகிதத்தில் நாற்காலி என்று எழுதியிருப்பதால் ஒன்றையாவது நாற்காலியாகப் பார்க்காமல் விடமுடியாது என்றார் சுங்க அதிகாரி. சூசையப்பனும் மத்தியாஸும் ஒரு மணி நேரம் திருகு முடுக்கி ஒன்றை நிற்கவைத்தார்கள். அதிகாரி அதில் உட்கார்ந்து பார்த்தார். நன்றாக இருந்ததால் மற்ற பெட்டிகளையும் அதிலிருந்தபடியே பரிசோதித்து முடித்தார்.

அவர் எழுந்து போனதும் ராவுத்தர், "சூசையப்பா, நீ உக்காரு" என்றார்.

சூசையப்பன் வேட்டியின் ஈரத்தைப் பிழிந்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தார். மரத்தின் வளைவைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

ராவுத்தருக்கு எட்டு மாதத்துப் பாரம் இறங்கியது. பாரம் இறங்கியதும் கோபம் ஏறியது.

"இது அப்பவே வந்திருக்க வேண்டியது, மத்தியாஸு. எல்லாம் அந்த ஹோலுப் தொரையால வந்தது. ஊர்ல கோடு மாறுச்சுன்னு சொன்னா, சனங்க மூட்டை கட்டுனாங்களா, கெழவங்க நடந்து போனாங்களான்னு கேட்டு எழுதறான். சுத்தப் பைத்தியம்."

மத்தியாஸ் கையிலிருந்த காகிதங்களை மழை படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"அது தொரை இல்ல ராவுத்தரே, ஒரு அம்மா, கப்பல்ல சரக்குப் பட்டியல் பாக்கிறவர் அவங்க தம்பிதான், இப்பத்தான் சொன்னாரு, போர் முடிஞ்சு அவங்க ஊருக்குக் கோடு மாறுனப்ப அரைமணி நேரத்துல ஊரையே காலி பண்ண வெச்சாங்களாம், எப்படி இருக்கீங்கன்னு இந்தப் பன்னெண்டு வருசத்துல அவங்களுக்கு வந்த ஒரே கடுதாசி உங்களோடதுதானாம்."