காத்தோங்கிலிருந்து பதில் இல்லை

சிராங்கூன் சாலையையும் காத்தோங்கையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தவன் என்று சரித்திரம் தன்னைப் பேசும் எனக் கேசவன் காலை ஒன்பது மணிக்கு நம்பினான். ஒன்பதே காலாகியும் காத்தோங்கே அவனோடு பேசவில்லை.

சரக்கு அனுப்பும் கம்பெனி அது. அவன் இருந்த சிராங்கூன் சாலைக் கிளை, காத்தோங் கிளை இரண்டின் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் பாலத்தை முந்தின நாள் அவன்தான் மாட்டி, அது டயல் செய்யவேண்டிய நம்பரையும் அதில் பதித்தான். பாலம் என்றால் ஒரு செருப்புப் பெட்டி அளவு. இங்கே ஒரு செய்தியைத் தட்டினால், அதுவே ஐஎஸ்டிஎன் டெலிபோன் லைனில் அந்தப் பக்கம் டயல் செய்து சேர்த்துவிடும்.

“அருண்ராஜ், சீட்டில் இருக்கிறாயா?” என்று தட்டினான். பதில் இல்லை.

காத்தோங் கிளை அருண்ராஜுக்குப் பல்வரிசை நன்றாக இருக்கும். “உங்க ஆபீஸ்லயே சிரிச்ச மூஞ்சி அவரு ஒருத்தர்தான் லா” என்று மனைவி வினுஷா போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொன்னதிலிருந்து, கேசவன் கண்ணாடிமுன் சிரித்துப் பழகி வருகிறான்.

சீட்டில் இல்லாதவன் எங்கே போனான்? வீட்டுக்குப் போன் போட்டான்.

“யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“இப்பதாங்க. எடுத்தா பேசல.”

“மூச்சு விட்டாங்களா?”

“என்னமோ ‘ஸ்ஸ்’ஸுன்னு கேட்டுச்சு.”

பெருமூச்சேதான். கேசவன் இன்னொரு செய்தி அனுப்பினான். பதில் இல்லை. வீட்டில் விசாரித்தான்.

“மறுபடியும் வந்துச்சுங்க.”

“நீ ஏன் எடுக்கிறே?”

“நீங்களா இருக்குமோன்னுதான்.”

“நான் எதுக்குப் பேசாம மூச்சு விடப்போறேன்?”

ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, நிமிஷத்துக்கு ஒரு முறை அதே கேள்வி தானாகக் காத்தோங்குக்குப் போகும்படி கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. வீட்டுக்கு அடித்தால் எங்கேஜ்டு. மறுபடி அடித்தான். எங்கேஜ்டு. அப்படியானால் மூச்சுக் கட்டம் முடிந்து பேச்சுக் கட்டம் தொடங்கிவிட்டது.

கேசவன் விருட்டென்று எழுந்து, ஆபீஸ் டெலிபோன் பார்க்கும் ரபியா அக்காவிடம் போனான்.

“டாக்ஸி கூப்பிடுங்க அக்கா. காத்தோங் போறேன். அந்த அருண்ராஜ் சீட்ல இல்லாம எங்க உக்காந்து போன் பேசறான்னு பாத்துடறேன்.”

ரபியா அக்கா டாக்ஸி கூப்பிடவில்லை.

“அவரு இப்பதான் எனக்குப் போன் பண்ணாரு தம்பி. காலையிலேர்ந்து அங்க இருக்கிற பெட்டி முன்னாலயேதான் உக்காந்திருக்காராம். ஒரு கால்கூட வரலையாம். நம்ம பெட்டியில டயல் ஆகிற நம்பரு காட்டுதில்ல, அதுக்கு நானே அடிச்சுப் பாத்தேன். வினுஷாதான் எடுத்துச்சு.”