இன்னும் ஒரே ஒரு தீர்ப்பு

தேடிக்கொண்டே இருப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதைக் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். திறந்து படிக்க மட்டும் மாட்டார். நாமக்கல்லில் இந்த இனத்துக்கு வக்கீல் கதிர்வேல் என்று பெயர்.

சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சௌந்திரம் அவரிடம் வந்த விஷயம் சின்னது. வட்டாரத்துத் தீவன ஆலைக்காரர்கள் கூடிப் பேசி, ஒரே நாளில் ஒரே மாதிரி விலையை ஏற்றிவிட்டார்கள். இப்படியே போனால் பண்ணையை மூட வேண்டியதுதான். இதை விசாரிக்கும் போட்டி ஆணையத்தில் புகார் போட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? கதிர்வேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே கணினியில் உட்கார்ந்து, முதலில் போட்டிச் சட்டத்தை இறக்கி, அப்புறம் ஆணையத்தின் உத்தரவுகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், அவை மேற்கோள் காட்டிய அமெரிக்கத் தீர்ப்புகள், அமெரிக்காக்காரரை மறுத்து ஐரோப்பாக்காரர் எழுதிய கட்டுரைகள், அந்தக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் ஒளிந்திருந்த புத்தகங்கள் என்று இறக்கிக்கொண்டே போனார். ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு நிறம். படித்தாரா? அதற்கென்ன அவசரம்.

"மனு எப்பப் போடுவீங்க தம்பி?" என்று சௌந்திரம் வரும்போதெல்லாம் கேட்பார்.

"பாயிண்ட் கெட்டியா இருக்கோணுமில்லீங்க அக்கா. இன்னும் ஒரே ஒரு தீர்ப்பு. நெதர்லாந்துல இருக்குதுங்க."

சௌந்திரம் நெதர்லாந்தை நம்பி ஊர் திரும்புவார். பண்ணையில் இன்னொரு கொட்டகை காலியாகும். பாவம், நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை.

ஒரு நாள் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இதுக்குக் கெடு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அருமையான கேள்வி. கதிர்வேல் அதற்கும் ஒரு புதுக் கோப்புறை திறந்து, உலகமெல்லாம் தேடினார். விடை, முதல் நாள் முதலில் இறக்கிய சட்டத்திலேயே இருந்தது. விலை ஏற்றிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. அது போன மாதம் முடிந்திருந்தது.

கொஞ்சம் வியர்த்தது. அப்புறம் முகம் மலர்ந்துவிட்டது. போன் போட்டார்.

"அக்கா, தக்க காரணம் சொன்னா தாமதத்தை மன்னிப்பாங்களாமுங்க. அதுக்குத் தீர்ப்புத் தேட ஆரம்பிச்சுட்டனுங்க."

"தேடுங்க தம்பி," என்றார் சௌந்திரம். "பண்ணையை நேத்துத்தான் கிரயம் பண்ணிக் குடுத்தேன். வாங்குனவரு அந்தத் தீவன ஆலைக்காரங்கள்ல ஒருத்தருங்க."

கதிர்வேலைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சரி. உங்கள் கைப்பேசியில் 'அப்புறம் படிக்கலாம்' என்று குவித்துவைத்திருக்கிறீர்களே, அதில் ஏதோ ஒன்றுக்கும் கெடு இருக்கலாம். எதற்கு என்று தேடக் கிளம்பிவிடாதீர்கள். திறந்து படியுங்கள்.