முன் ஒலி, பின் ஒலி, உள் ஒலி

சிதம்பரம்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சிவபிரசாத் அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நான் ஒருவன் மட்டும் நலம். கடலூரில் என் மனைவியையும் சேர்த்து அனைவரும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் அவள் பத்தொன்பது நாள் அங்கே தங்கமாட்டாள். நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். கல்யாணமான இந்த இருபத்து நான்கு வருடத்தில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. தாட்சாயிணியிடம் பேசியதைப் பேச்சாகக் கருத வேண்டாம். “தப்பு என்னுதுன்னு அண்ணனுக்கு எழுத்துல அனுப்புங்க, அப்பத்தான் பஸ் ஏறுவேன். போன்ல சொன்னா ரெண்டே நாள்ல சொல்லவே இல்லம்பீங்க” என்று உங்கள் தங்கை நிபந்தனை போட்டிருக்கிறாள். எழுதுகிறேன். தப்பு யாருடையது என்பதைத்தான் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் குடியிருந்துவிட்டுப் போன பழைய கேம்பர் வேனை, கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டி, குட்டி பிரிட்ஜ் சகிதம் வாங்கியவர் நீங்கள். ஒரே மாதத்தில் “மாப்லே, ஊர் சுத்திப் பாக்கணும்னு ஆசைப்பட்டீங்கலே” என்று அதை என் வாசலில் நிறுத்திவிட்டுப் போனவரும் நீங்கள். நான் அப்படி ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. விசிறியைப் போட்டால் பிரிட்ஜ் அணையும். வைப்பரைப் போட்டால் கட்டிலுக்கு மேல் விளக்கு எரியும். மழை பெய்தால் படுத்துக்கொண்டு படிக்கலாம், அவ்வளவுதான். இந்த லட்சணத்தில், உங்கள் மகள் பிரியம்வதாவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரைச் சிதம்பரத்திலிருந்து அந்த வேனில் அழைத்து வரச் சொன்னீர்கள். பொறுப்பானவன் என்பதால் ஒரு வாரம் முன்பே பியூஸ் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே சேமியாவைக் கொட்டி வைத்ததுபோல் ஒயர், அத்தனையும் சிவப்பு. எலக்ட்ரீஷியன் சேரனைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தவர், “சார், நம்மூர்ல தெரைய வெலக்குனா வில்வமாலையாவது தெரியும். இதுல ஒண்ணுமே தெரியல. மொத்தத்தையும் அறுத்துட்டுப் புதுசா இழுத்துடுவோம்” என்றார். அறுப்பதாவது! ஒவ்வொரு பியூஸுக்கும் கீழே நல்ல தமிழில் சீட்டு ஒட்டியிருக்கிறது. தமிழில் எம்.ஏ. படித்தவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, படிக்கத் தெரியாதவன் செய்யும் வேலையைச் செய்ய நான் விடவில்லை. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சீட்டுகளைப் படித்தேன். முன் ஒலி. பின் ஒலி. உள் ஒலி. இடத் திருப்ப ஒலி. வலத் திருப்ப ஒலி. ஆனால் ‘பின் ஒலி’ ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் நுனியில் ஒலி எழுப்ப ஒன்றுமில்லை, மங்கிய பல்பு ஒன்றுதான் இருந்தது. மற்றவையும் அப்படியே. பிரெஞ்சுக்காரருக்குத் தமிழ் தெரியாததால் எல்லா இடத்திலும் பல்பை மாட்டி வைத்திருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தேன். வேனுக்கு விளக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பகல் பயணம்தானே, விளக்குக்கான சீட்டைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று பல்புகளைக் கழற்றினேன். கடையில் போய் ஐந்து ஹாரன் கேட்டேன். “ஒரு வேனுக்கு அஞ்சா? சார், கப்பல் ஏதாவது வாங்கியிருக்கீங்களா?” என்றான் கடைக்காரன். படிப்பறிவில்லாதவனோடு எனக்கென்ன பேச்சு? ஒயர்களைப் பிரித்து, நேராக்கி, சீட்டுப்படி ஒவ்வொன்றிலும் ஒரு ஹாரனை மாட்டினேன். பெட்டி அப்புறம் இலக்கணப் புத்தகம் மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பார்வதம் அம்மாளும் ஒன்பது உறவினர்களும் ஏறினார்கள். கதவைத் திறந்ததுமே உள் ஒலி பிடித்துக்கொண்டது. பத்தாவது ஆள் ஏறிக் கதவைச் சாத்தும்வரை நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தால் பின்னால் அலறியது. பின்னால் வந்த பஸ்காரர், முன்னால் போகிறவன் எதற்குத் தன்னைப் பார்த்து ஹாரன் அடிக்கிறான் என்று புரியாமல், ஆலப்பாக்கம் வரை பதிலுக்கு அடித்துக்கொண்டே வந்தார். எதிரே வந்த லாரிக்காரர், விளக்கைப் போட்டு எச்சரிக்கலாம் என்று பழக்க தோஷத்தில் நான் சுவிட்சைத் தட்டியபோது எழுந்த முன் ஒலியில் வயலோரம் ஒதுங்கிவிட்டார். கட்டிலில் படுத்திருந்த பார்வதம் அம்மாள், “ஏன் தம்பி, யாரோட சண்ட போட்டுக்கிட்டே போறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

மஞ்சக்குப்பத்தில் உங்கள் தெருவுக்குள் வலது பக்கம் திரும்பினேன். வலத் திருப்ப ஒலி, பாம்... பாம்... பாம்... என்று ஆரம்பித்தது. திரும்பி முடித்தும் சுவிட்ச் இறுகிவிட்டதால் நிற்கவில்லை. உங்கள் வாசல் பந்தலில் வாசித்துக்கொண்டிருந்த தவில்காரர் கொஞ்ச நேரம் போராடிப் பார்த்துவிட்டு அந்தத் தாளத்துக்கே மாறிக்கொண்டார். நல்ல வித்வான். பத்துப் பேரும் காதைப் பொத்திக்கொண்டு உள் ஒலியோடு இறங்கினார்கள். பார்வதம் அம்மாள் உங்களிடம், “சம்பந்தி, பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு மட்டும் நாங்க ரயில்ல வந்துடுறோம்” என்றார்.

அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தவில் நின்ற நேரம் பார்த்து, “அய்யோ மாப்லே, ஒலின்னா வெலிச்சம் மாப்லே!” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினீர்கள். பந்தல் முழுக்கச் சிரித்தது. தாட்சாயிணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததற்கு நான் நாலு வார்த்தை சொன்னேன். அவள் உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஐயா, ஒளி வேறு, ஒலி வேறு. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் ‘முகூர்த்த வேளை’ என்பதை ‘முகூர்த்த வேலை’ என்று அச்சடிக்க வைத்தவர் நீங்கள். வந்தவர்களில் பாதிப் பேர் என்ன வேலை, எத்தனை நாள் வேலை என்று என்னைக் கேட்டார்கள். அன்று பொறுத்தேன். அதே லகரத்தை ஐந்து சீட்டில் எழுதி என் குடும்பத்தையே பிரித்துவிட்டீர்கள். தப்பு உங்களுடையது.

வீட்டில் ஜெயராணி அக்காவுக்கு என் வணக்கம். பிரியம்வதாவின் வாழ்க்கை ஒளிமயமாக அமைய ஆசி கூறுகிறேன். நான் எழுதியிருக்கும் ளகரத்தைக் கவனிக்கவும்.

பின்குறிப்பு: அத்தாட்சிக்காக ‘பின் ஒலி’ சீட்டை உரித்து இத்துடன் வைக்க எடுத்தேன். கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் ஒகரத்தின் சுழி ஒரே மாதிரி இருக்கிறது. இப்போதுதான் நினைவு வருகிறது. வேன் வாங்கிய புதிதில், பிரெஞ்சு சீட்டுகளைக் கிழித்துவிட்டு, நீங்கள் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கத்தினீர்கள். எனக்கு ஆங்கிலச் சொல் பிடிக்காதென்று மெனக்கெட்டுத் தமிழில் கத்தினீர்கள். பேனா என் கையில் இருந்தது. “பின் ஒலி” என்றீர்கள். அது என்ன ஒலி என்று அன்றே கேட்டிருக்கலாம். உங்களிடம் போய்ப் பொருள் கேட்பதா என்று, கேட்டபடியே எழுதிவிட்டேன்.

மேலே உள்ள எதையும் அடிக்கப்போவதில்லை, நல்ல நடையில் வந்திருக்கிறது. ஆனால் இதன் கீழே என் பெயரும் வராது. யாரோ எழுதியதாகவே இருக்கட்டும். அந்த யாரோ, தப்பு தன்னுடையது என்று எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறார் என்றும், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பார் என்றும் தாட்சாயிணியிடம் சொல்லிவிடவும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.